பொட்டு வைத்த ஸ்பேனர்

வியாழன், காலை எட்டரை மணி. மெல்போர்ன், ஸ்பென்சர் தெரு ரயில் நிலையம்.

சிட்னிக்குப் போகும் பகல் ரயில் நகரத் தொடங்கியபோது நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். எகானமி வகுப்புச் சீட்டு இருபத்தொரு டாலர். தூரம் ஏறத்தாழ 960 கிலோமீட்டர். இரவு ஒன்பது மணிவாக்கில் சேரும் என்றார்கள். மடியில் எலுமிச்சை சாதப் பொட்டலம், பையில் மாற்று உடுப்பு, என்றும் என்னைவிட்டுப் பிரியாத ராசிபலன் போட்ட தமிழ்க் காலண்டர். எழுபதுகளின் நடுவில், ஓராண்டுப் பயிற்சிக்காக ஆஸ்திரேலியா வந்திருந்த மதுரைக் கல்லூரி இயற்பியல் விரிவுரையாளன் நான். பூமி உருண்டை, தன்னைத்தானே சுற்றுகிறது என்று வருடா வருடம் பையன்களுக்கு நடத்துகிறவன். இந்தக் காலண்டரால்தான் பின்னால் வந்தது வினை. அதனால் அதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

நான் போனது ஒரு விமானத்தைப் பார்க்க. சிட்னிக்கு மேற்கே ரிச்மண்ட் விமானத் தளத்தில் சனிக்கிழமை பொதுமக்களுக்கான விழா. அமெரிக்காவின் மிகப் பெரிய ராணுவச் சரக்கு விமானம் ஒன்று அதற்காகக் கடல் தாண்டி வருகிறது என்று கணேசலிங்கம் கடிதம் எழுதியிருந்தார். கணேசலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், விமான மெக்கானிக். மெல்போர்னின் ஸ்பிரிங்வேலில் ஒரு வீட்டின் பின்னறையில் நாங்கள் மூன்று மாதம் ஒன்றாகக் குடியிருந்தோம். பிறகு அந்தத் தளத்தில் ஒப்பந்த வேலை எடுத்துச் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் அவருக்கு வேலை கிடைத்து, சிட்னிக்குப் போய்விட்டார். "மாஸ்ரர், கட்டாயம் வாங்கோ, இப்பிடி ஒண்டை நீங்கள் கனவிலயும் கண்டிருக்க மாட்டியள்" என்று எழுதியிருந்தார். வாத்தியார் வேலை பார்ப்பவன் என்பதால் நான் அவருக்கு எப்போதும் மாஸ்ரர்தான்.

பகல் பதினொன்றரை. வங்கரட்டா.

இங்கே ஏறிய ஒரு கிழவர் எனக்கு எதிரே அமர்ந்தார். செம்மறிப் பண்ணை வைத்திருந்து மகனிடம் விட்டுவிட்டவர். விரித்த செய்தித்தாளில் அமெரிக்காவின் ராணுவச் செலவைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை. தலைகீழாகவே அதை எட்டிப் படித்தேன். அந்தத் தொகையில் இருந்த சைபர்களை எண்ணிக்கொண்டு போய் நடுவில் தவறவிட்டேன்.

"நம்ம அரசாங்கமும் அவர்களிடம் குண்டுவீச்சு விமானம் கேட்டது. கேட்டதற்கும் வந்ததற்கும் இடையில் பத்து வருடம். என் பேரன் பிறந்து பள்ளிக்கூடமே போய்விட்டான்" என்றார் கிழவர்.

"நான் அவர்கள் விமானம் ஒன்றைப் பார்க்கத்தான் போகிறேன்."

"பார். பார்க்கக் காசு கேட்கவில்லை என்றால் நன்றாகப் பார்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார். குல்பர்ன் வரைக்கும் அவர் எழுந்திருக்கவில்லை.

ஆல்பரி தாண்டியதும் நிலம் ஊதா நிறமாகிவிட்டது. குன்றின் மேலும் கீழும் கண்ணுக்கு எட்டிய வரை ஊதாப் பூ. நடுவில் மாடுகள் முழங்கால் வரை பூவில் நின்றன. இது இங்கே யாருக்கும் வேண்டாத களையாம். அழிக்க முடியாமல் தவிக்கிறார்களாம். எனக்கென்னவோ ரயில் நின்றுகொண்டும் பூக்கள்தான் நகர்ந்துகொண்டும் இருப்பதுபோலப் பட்டது. கண் சொருகியது. விழித்தபோது வாகா வாகா நிலையம். மறுபடி சொருகி விழித்தபோது மலைச்சரிவில் சாயங்கால வெயில். இந்த நாட்டில் தூரம் அதிகம், ஆட்கள் குறைவு. ஜன்னலோரத்தில் உட்கார்ந்தவனுக்குத் தூங்கினேனா பார்த்தேனா என்பதே பல சமயம் தெரிவதில்லை.

வெள்ளி, மாலை ஆறு மணி. மேய்ஸ் ஹில்.

கணேசலிங்கத்தின் வாடகை வீடு சிட்னியில் பரமட்டாவை ஒட்டிய மேய்ஸ் ஹில்லில் இருந்தது. ஒரு படுக்கை அறை, ஒரு சமையலறை; அவர் பாஷையில் குசினி. நவராத்திரியின் ஒன்பதாம் நாள் அது. இந்தப் பக்கத்தில் கோயில் எதுவும் கிடையாது. குசினி அலமாரியின் நடுத்தட்டைக் காலி செய்து, சரஸ்வதி படம் வைத்து, அதன் பக்கத்தில் மனைவியும் மகளும் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படத்தையும் சாய்த்து வைத்திருந்தார். மகள் வதனிக்கு வயது ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது. படத்தில் பல் முழுக்கத் தெரியச் சிரிக்கிறாள்.

"திங்கட்கிழமை என்ர புரொபேஷன் முடியுது, மாஸ்ரர். நிரந்தரம் எண்டு ஒரு கடிதம் தருவினம். அதைக் கொண்டுபோய்க் குடுத்தால்தான் இவையளை இஞ்ச கூப்பிட ஸ்பொன்சர் அலுவல் பாக்கலாம். போர்மன் கெவின் நல்ல மனிசன். தாறன் எண்டு வாயால சொல்லிப்போட்டான்."

ஒன்றரை வருடமாக அவர் மகளைப் பார்க்கவில்லை. அதைச் சொல்லும்போது படத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தார்.

நான் அவலும் சுண்டலும் எடுத்து வைத்தேன். என் பேனாவையும் ஒரு புத்தகத்தையும் படத்தின் முன்னால் வைத்தேன். அவர் மேல்சட்டைப் பையிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தார். இரண்டு முனையிலும் வளையம் வைத்த ஸ்பேனர். தேய்ந்து பளபளவென்று இருந்தது. கைப்பிடியில் ஓர் எண் பொறித்திருந்தது.

"இது கம்பெனிச் சாமான். ஒவ்வொரு நாளும் இதைத்தான் பிடிக்கிறன். ஆயுத பூசைக்கு வேற என்னத்தை வைக்கிறது?"

பிறகு அந்த வேலையிடத்து வழக்கத்தைச் சொன்னார். கருவி அறைச் சுவரில் வெள்ளைப் பலகை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் திருப்புளிக்கும் அதன் உருவத்தை அப்படியே கறுப்பு மையில் வரைந்திருக்கிறார்கள். அதன் பெயர் நிழல் பலகை. வேலை முடிந்ததும் ஒவ்வொரு கருவியும் தன் நிழலின் மேல் போய்த் தொங்க வேண்டும். ஒரு நிழல் வெறுமையாக இருந்தாலும் அந்தக் கருவி விமானத்துக்குள் விழுந்து கிடக்கலாம் என்று அர்த்தம். கிடைக்கும் வரை அன்றைக்கு அந்தக் கருவி பட்ட எந்த விமானமும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

"இண்டைக்குப் பின்னேரம் அமெரிக்கன்ர விமானத்திலதான் நிண்டனான். எஞ்சின் மூடி ஒண்டைத் திறக்க ஆள் போதாது எண்டு கூப்பிட்டவை. ஸ்டோர்க்காரன் வெள்ளனவே வீட்டை போயிட்டான், அதால கேக்காமலே கொண்டுவந்திட்டன். விடிய முதல் ரெயிலுக்குப் போய் ஏழு மணிக்குள்ள கொழுவிப்போடுவன். எட்டு மணிக்குத்தான் பலகையைப் பாப்பினம்."

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். காலண்டரைப் புரட்டி, "நாளைக்கு விஜயதசமி. பூஜையில வெச்சத நாளைக்கு மறுபூஜை பண்ணாம எடுக்கக்கூடாதுங்க. நல்ல நேரம் ஏழே முக்கால்ல இருந்து எட்டே முக்கால்" என்றேன்.

"எட்டு மணிக்கு முதல் அங்க இருக்க வேணுமே."

"சனிக்கிழமை, அதுவும் திருவிழா நாள். யாரு பலகைய எண்ணிட்டு உக்காரப் போறாங்க? திங்கட்கிழமை நல்ல காரியம் வெச்சுக்கிட்டு நேரம் பாக்காம எடுக்கலாமா?"

"நீங்கள் சொன்னால் சரி, மாஸ்ரர்" என்றார். சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, படத்தின் முன்னால் கிடத்தினார். எனக்கு மனம் நிறைந்து போயிற்று. அந்த நல்ல நேரம் சென்னையில் அச்சடித்தது, இங்கே சூரியன் நாலைந்து மணி நேரம் முந்தி உதிக்கிறது என்பதெல்லாம் அந்த இயற்பியல் விரிவுரையாளனின் மண்டையில் ஏறவே இல்லை.

சனி, காலை பத்தேகால். கிளாரெண்டன் நிலையம், ரிச்மண்ட்.

பிளாக்டவுனில் மாறி ஏறிய டீசல் வண்டி எங்களை இந்தச் சின்ன நிலையத்தில் இறக்கிவிட்டது. எதிரிலேயே தளம். மேற்கே மலைத்தொடர் நீலப் புகைபோலக் கிடந்தது. வெயிலில் யூகலிப்டஸ் மணம். குடும்பம் குடும்பமாகக் கூடைகளும் குடைகளுமாகப் புல்வெளியில் நடந்தார்கள். அவசரம் யாருக்கும் இல்லை. ஐஸ்கிரீம் வண்டியில் கூம்பு இருபது சென்ட். ஒன்று வாங்கிக்கொண்டேன். கணேசலிங்கம் வேண்டாம் என்றார். சட்டைப் பையில் துணி சுற்றிய ஸ்பேனர் புடைத்துக்கொண்டிருந்தது. இன்று அவருக்கு வேலை நாள் இல்லை. என்னை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுக் கருவி அறைக்கு ஓடிப்போய்ப் பலகையில் மாட்டிவிட்டு வருவதாகத் திட்டம்.

அப்போது விமானத்தைப் பார்த்தேன். அது நின்றுகொண்டிருந்தது என்று சொல்வது சரியாக வராது, படுத்திருந்தது. மூக்கு முழுவதும் மேலே தூக்கி, வாயை ஆவென்று திறந்து, சிமெண்ட் தளத்தில் வயிறு உரசுவது போலப் படுத்திருந்தது. வெயிலில் தரை அலையாடியதால் அதன் கால்கள் தெரியவில்லை. இதற்கு எடையே கிடையாது, ஊதினால் நகர்ந்துவிடும் என்று பட்டது. எடை பற்றிப் பாடம் நடத்துகிறவனுக்கு அப்படிப் பட்டது.

அதைவிட விசித்திரம் அதன் முன்னால் நடந்தது. நாற்பது ஐம்பது ஆட்கள், அமெரிக்கச் சீருடையும் ஆஸ்திரேலியச் சீருடையும் கலந்து, தோளோடு தோள் ஒட்டி ஒரே வரிசையாகத் தளத்தின் அகலத்துக்கு நின்றார்கள். எல்லாத் தலையும் குனிந்திருந்தது. ஓர் அடி வைத்தார்கள். நின்றார்கள். இன்னோர் அடி. பேச்சே இல்லை. பத்தாயிரம் பேர் கூடிய இடத்தில் அந்த ஒரு துண்டு நிலம் மட்டும் மௌனமாக இருந்தது. ஏதோ மரியாதை அணிவகுப்பு என்று நினைத்து நான் சொக்கிப்போய் நின்றேன்.

"எவ்வளவு அழகா நடக்கறாங்க பாருங்க" என்றேன்.

கணேசலிங்கத்தின் முகத்தில் ரத்தம் இல்லை. "அவையள் நடக்கேல்லை, மாஸ்ரர். தேடுகினம்."

எஞ்சின் ஒன்றின் மூடி திறந்திருந்தது. ஏணியில் ஒருவன் விளக்கோடு தலையை உள்ளே விட்டிருந்தான். கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு அருகில் நின்ற ஒரு பெண் எங்களிடம் குறைபட்டுக்கொண்டாள்: எட்டு மணியிலிருந்து தேடுகிறார்களாம், யாரோ ஒரு கருவியைத் தொலைத்துவிட்டானாம், பன்னிரண்டு மணிக்குப் பறக்கவேண்டிய விமானம் பறக்குமா என்றே தெரியவில்லையாம், பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

கணேசலிங்கத்தின் கை சட்டைப் பையின் மேல் போயிற்று.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது வருத்தமில்லை, தந்திரம். அவர் காதருகில், "அந்த ஓரத்துப் புல்லுல போட்டுடுங்க. அவங்களே கண்டுபிடிக்கட்டும். யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை கடுதாசிய நினைச்சுப் பாருங்க" என்றேன்.

அவர் நினைத்துப் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும். துணியைப் பிரித்து ஸ்பேனரை எடுத்தார். சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. குங்குமம் அப்படியே இருந்தது.

"பூசையில வைச்சு எடுத்த சாமான், மாஸ்ரர். இதைப் புல்லுக்க எறிஞ்சுபோட்டு நாளைக்கு எந்தக் கையால பிடிக்கிறது? நீங்கள் இஞ்ச நில்லுங்கோ. நான் போயிட்டு வாறன்."

கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனார். இரண்டு கையிலும் ஸ்பேனரை ஏந்திக்கொண்டு நடந்தார். சிவந்த முகத்தோடு ஒரு தடித்த மனிதர் அவரை நோக்கி வந்தார். அவர்தான் கெவின் என்று புரிந்துகொண்டேன். கூடவே ஓர் அமெரிக்க சார்ஜன்ட், பனைமர உயரம். நான் நின்ற கயிற்றிலிருந்து இருபது அடிகூட இருக்காது. பேசியது எல்லாம் கேட்டது.

"பலகையில் இல்லாதது இதுதான். நேற்று நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். விமானத்துக்குள் எதுவும் இல்லை" என்று கணேசலிங்கம் ஆங்கிலத்தில் சொன்னார்.

கெவின் எண்ணைப் பார்த்தார். திரும்பிக் கையை உயர்த்தினார். வரிசை நின்றது. ஐம்பது தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. சிலர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

"வீட்டுக்கா? எதற்கு?"

கணேசலிங்கம் சொன்னார். எங்கள் நாட்டில் வருடத்தில் ஒருநாள் கருவிகளைக் கழுவிப் பொட்டு வைத்துக் கும்பிடுவோம். நேற்று அந்த நாள்.

சார்ஜன்ட் ஸ்பேனரை வாங்கினார். குங்குமத்தைத் துடைக்கப் போன கட்டை விரல் பாதியில் நின்றது. "இதைவிடப் பெரிய சாமானெல்லாம் எங்களிடம் எக்கச்சக்கமாக இருக்கிறது. எதையும் யாரும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை" என்றார். அதில் கேலி இல்லை.

கெவின் மட்டும் விடுவதாக இல்லை. "சரி. ஆனால் காலை எட்டு மணிக்கு முன்னால் ஏன் கொண்டுவரவில்லை? ஏன் இரண்டு மணி நேரம்?"

இந்தக் கேள்விக்கு உரிய பதில், கயிற்றுக்கு இந்தப் பக்கம், கையில் உருகி ஒழுகும் ஐஸ்கிரீமோடு நின்றுகொண்டிருந்தது.

கணேசலிங்கம் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "பிந்திவிட்டேன். என் பிழை" என்றார்.

நான் கயிற்றைப் பிடித்தேன். தூக்கவில்லை. நான் போனால் என்ன ஆகும், அந்நிய ராணுவ இடம், என் விசா, என் பயிற்சி, கல்லூரிக்கு ரிப்போர்ட் என்று மனம் வரிசையாகக் காரணம் அடுக்கியது. அடுக்கி முடிப்பதற்குள் கெவின் அவருடைய அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வா என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பதினொன்றே கால். விமானத்தின் உள்ளே.

கயிறு அவிழ்ந்தது. "நீங்கள் போய்ப் பாத்திட்டு வாங்கோ. உதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தனீங்கள்" என்று கணேசலிங்கம் என்னை அனுப்பினார். அவர் வேலிக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். நானும் போனேன். வெட்கத்தோடுதான் போனேன், ஆனாலும் போனேன்.

வாய் வழியாக ஏறி வால் வழியாக இறங்கலாம். உள்ளே எங்கள் ஊர்க் கல்யாண மண்டபம் இரண்டைப் போட்டு, பந்தியும் விரிக்கலாம். கூரையிலிருந்து வயர்களும் குழாய்களும் நரம்புபோல ஓடின. டாங்கிகளையே தூக்கிக்கொண்டு போகும் என்றார் அதே சார்ஜன்ட். தரையில் சங்கிலி மாட்டும் வளையங்கள் வரிசை வரிசையாக இருந்தன. பிள்ளைகள் கத்தினால் எதிரொலி மெதுவாகத் திரும்பி வந்தது. ஏதோ மீனின் வயிற்றுக்குள் ஊரே பேசிக்கொண்டு போவதுபோல இருந்தது. என் காலடிச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்கவில்லை.

"இதன் விலை என்ன?" என்று கேட்டேன்.

"கேட்காதே. வரி கட்டும் எங்கள் ஜனங்களே கேட்பதில்லை" என்று சிரித்தார். பிறகு, "உன் நண்பன் கடைசிவரைக்கும் யார் பேரையும் இழுக்கவில்லை. எங்கள் படையில் அப்படி ஆள் கிடைப்பது கஷ்டம்" என்றார். கயிற்றருகில் எங்களைச் சேர்த்துப் பார்த்திருப்பார், மற்றபடி அவருக்கு எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் எனக்கு அந்த மண்டபத்தில் நிற்க முடியவில்லை.

பன்னிரண்டரைக்கு அது பறந்தது. வாயை மூடி, மூக்கை இறக்கி, ஓடுபாதையின் கோடிக்குப் போய்த் திரும்பி வந்தபோது தரை என் செருப்பு வழியாக நடுங்கியது. அவ்வளவு பெரியது அவசரமே இல்லாமல் எழும்பி நீல மலையின் பக்கம் சாய்ந்து மிதந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். மரத்தடியில் என் பக்கத்தில் கணேசலிங்கமும் தட்டினார். "நல்லா எழும்பினது, என்ன?" என்று என்னைக் கேட்டார்.

ஞாயிறு, காலை எட்டு மணி. சிட்னி மத்திய நிலையம்.

என்னை ஏற்றிவிட வந்தவர் பிட்டும் சம்பலும் கட்டிக் கொடுத்தார். ரயில் கிளம்பும் வரை நாலு தரம் வாயைத் திறந்தேன். நாலு தரமும் வேறு எதையோ பேசினேன். வரும்போது பார்த்த ஊதா வயல்கள் திரும்பும் வழியில் ஜன்னலுக்குள் அப்படியே வந்தன. இந்தத் தடவை தூக்கம் வரவில்லை.

நான் மதுரை திரும்பிப் பல மாதம் ஆகிறது. எங்கள் ஆய்வுக்கூடத்திலும் ஆயுத பூஜை உண்டு. திருகு அளவிக்கும் தராசுக்கும் பொட்டு வைத்து, பொரிகடலை தின்று, கருவிகள் எங்கே கிடந்தால் என்ன என்று வீட்டுக்குப் போய்விடுவோம். ஒன்று தொலைந்தால் ஸ்டாக் சரிபார்க்கும்போதுதான் தெரியும். அங்கே ஒரு ஸ்பேனருக்காக ஐம்பது பேர் குனிந்து நடந்தார்கள் என்று சொன்னால் இங்கே சிரிக்கிறார்கள்.

போன வாரம் கணேசலிங்கத்தின் கடிதம் வந்தது. அந்தத் திங்கட்கிழமை அவரை வேலையிலிருந்து நிறுத்தவில்லையாம். புரொபேஷனை மூன்று மாதம் நீட்டினார்களாம். கெவின் தன்னால் முடிந்தது அவ்வளவுதான் என்றாராம். அதனால் ஸ்பொன்சர் அலுவலும் மூன்று மாதம் பிந்திப் போய், இப்போதுதான் மனைவியும் மகளும் வந்து இறங்கியிருக்கிறார்கள். கடைசியில் இப்படி எழுதியிருந்தார்:

"வதனி வளந்திட்டா, மாஸ்ரர். ஏர்போர்ட்டில சிரிச்சுக்கொண்டு வந்தா, முன்பல்லு ரெண்டும் இல்லை. மார்கழியில விழுந்ததாம். அதைத்தான் நான் பாக்கேல்லை. மற்றும்படி எல்லாம் சுகம். நீங்கள் ஒண்டும் யோசிக்காதேங்கோ."

யோசிக்காதே என்று எழுதியிருந்ததால், நான் எதை யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது என்று புரிந்தது. அந்தக் கடிதத்துக்கு நான்கு முறை பதில் எழுத உட்கார்ந்தேன். நலம், நலமறிய அவா என்பதற்கு மேல் போகவில்லை. அதனால் இதை எழுதினேன். கணேசலிங்கம், அன்றைக்கு நானும் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உங்கள் பக்கத்தில் வந்து நின்றிருக்க வேண்டும். நேரம் பார்த்தது நான்தான்.